திரை கறுத்துப் போனால் யார் சொல்வது?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதி ஜொகூரில் பல வீடுகளுக்கு ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினி மசாயிலோ ஸ்கூடாயிலோ குளுவாங்கிலோ இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் விண்டோஸ் 11 அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. இண்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் வேண்டும்.

"லினக்ஸ் போட்டுப் பாருங்களேன், காசு கிடையாது" என்று யாராவது சொல்வார்கள். பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றிக் கணினியில் செருகுவார்கள். முத்திரை வரும், சக்கரம் சுற்றும், பிறகு திரை கறுத்துவிடும். உள்ளே விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று மூடி வைத்துவிடுவார்கள்.

அந்தக் கறுப்புத் திரைக்கு முழு லினக்ஸையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரே ஒரு பகுதிதான்: கிராஃபிக்ஸ் டிரைவர். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அந்தப் பகுதியில் உள்ள பிழைகளைத் தேடிப் பிடிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. அவர்களிடம் அறிவும் உண்டு, பொறுமையும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: மசாயில் இருக்கும் அந்தக் கணினி.

டிரைவர் என்றால் என்ன? திரையில் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும், ஒரு படம் ஓட வேண்டும் என்று இயங்குதளம் கேட்கும். அதை வரைகலைச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். விசைப்பலகைக்கும் டிரைவர் உண்டு. ஆனால் அது 'எந்த விசை அழுந்தியது' என்ற ஒரே சொல்லை மொழிபெயர்த்தால் போதும். வரைகலை டிரைவரோ ஒரு காவியத்தையே மொழிபெயர்க்க வேண்டும், அதுவும் ஒரு விநாடிக்கு 60 தடவை. லினக்ஸின் கெர்னல் என்று சொல்லப்படும் மையப் பகுதியை 2020-இல் அளந்து பார்த்தபோது, அதன் மொத்த வரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஏஎம்டி நிறுவனத்தின் வரைகலை டிரைவராக மட்டுமே இருந்தது. அதில் பெரும்பகுதி இயந்திரமே எழுதித் தந்த பட்டியல்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அளவைப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, ஒரே சில்லு நூறு விதமான மடிக்கணினிகளில் போய் உட்காருகிறது. ஒவ்வொன்றிலும் திரை வேறு, திரைக்குப் போகும் கம்பி வேறு, மின்சாரம் ஏறி இறங்கும் நேரம் வேறு. இண்டெலும் ஏஎம்டியும் 1972-ஆம் ஆண்டிலேயே நம் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியவை. ஆனால் பினாங்கில் சோதித்து அனுப்பிய சில்லு, கடைசியில் எந்த மடிக்கணினிக்குள் எந்தத் திரையோடு வாழப்போகிறது என்பதைத் தொழிற்சாலை தீர்மானிப்பதில்லை.

2009: ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள்

உபுண்டு 2004 அக்டோபரில் வந்தது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் குறுந்தட்டு அஞ்சலில் அனுப்பினார்கள். 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. இன்று நாற்பதைத் தொடும் கணினிப் பிரியர்கள் பலருக்கு அந்த உறை நினைவிருக்கும்.

ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு வெளியீடு. தேதி தவறுவதில்லை என்பதில் அவர்களுக்குப் பெருமை. 2006-இல் மட்டும், நீண்ட கால ஆதரவு தரவேண்டிய வெளியீடு என்பதால், ஆறு வாரம் தள்ளிப்போட்டு ஜூனில் வெளியிட்டார்கள். தேதி பிசகாது என்ற இந்த வழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பிழை தீர்ந்தாலும் தீராவிட்டாலும் நாள் வந்துவிடும்.

2009 ஏப்ரல் 23-இல் உபுண்டு 9.04 வெளிவந்தது. அப்போது மடிக்கணினிகளில் மிகப் பரவலாக இருந்தது இண்டெலின் வரைகலைச் சில்லு. சின்னஞ்சிறு நெட்புக் கணினிகள் சூடாக விற்ற காலம் அது. அவற்றிலும் பெரும்பாலும் இண்டெல்தான். அந்த நேரம் பார்த்து இண்டெல் டிரைவரில் மூன்று பெரிய வேலைகள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. வரைகலை நினைவகத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கெர்னலுக்கு மாறியது. வரைவதை விரைவுபடுத்தும் பழைய முறை போய்ப் புதிய முறை வந்தது. திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் வேலையும் கெர்னலுக்குப் போகத் தொடங்கியது. மூன்றும் தேவையான மாற்றங்கள்தாம். ஆனால் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டி முடிக்கும் முன்பே அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

உபுண்டுவின் வரைகலைக் குழுவுக்கு முன்னால் இரண்டு வழிகள். பழைய முறையைப் பிடித்துக்கொண்டால் பலருக்குத் திரை மந்தமாகும். புதிய முறைக்குப் போனால் வேகம் வரும், ஆனால் சில கணினிகள் உறைந்தே போகும். மந்தத்தைச் சகித்துக்கொள்ளலாம், உறைவதைச் சகிக்க முடியாது என்று பழையதையே வைத்துக்கொண்டார்கள். இண்டெல் சில்லில் வேகம் குறைந்திருப்பதை வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதினார்கள். கோபம் கொண்டவர்கள் ஏராளம். நேற்றுவரை ஓடிய கணினி இன்று தவழ்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 29-இல் வந்த 9.10-இல்தான் புதிய ஏற்பாடு நிலைகொள்ளத் தொடங்கியது.

கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களில் எத்தனை பேர் மார்ச் மாதத்துச் சோதனைப் பதிப்பைத் தங்கள் கணினியில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்தார்கள் என்ற கேள்வி நிற்கிறது.

கடைசி வாரத்தில் ஒரு கசிவு

அடுத்த ஆண்டு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் 29 என்று நாள் குறித்திருந்தது. உபுண்டு 10.04, நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. பள்ளிகளும் அலுவலகங்களும் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளப்போகும் பதிப்பு.

வெளியீடு நெருங்கிய நாட்களில் ஒரு புகார் வலுத்தது. கணினி நன்றாகத்தான் தொடங்குகிறது, நேரம் ஆக ஆக நினைவகம் குறைகிறது, கடைசியில் எல்லாம் தள்ளாடுகிறது. திரையில் ஜன்னல்களை வரையும் எக்ஸ் சர்வர் என்ற நிரல்தான் நினைவகத்தைத் தின்றுகொண்டிருந்தது.

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா வேண்டும், கரண்டி வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஒருவரும் திருப்பித் தராவிட்டால் சாயங்காலத்துக்குள் கட்டில் ஒரு பாத்திரமும் மிஞ்சாது. இங்கே நடந்ததும் அதுதான். ஒரு ஜன்னலைத் திறந்தால் நினைவகத்தில் ஒரு துண்டு கொடுக்கப்படுகிறது. மூடினால் அது திரும்ப வேண்டும், வரவில்லை. கொடுத்த துண்டுகளின் எண்ணிக்கையைக் கெர்னல் ஒரு கோப்பில் காட்டும். சோதித்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார்கள். எண் ஏறியதே தவிர இறங்கவில்லை.

இது ஏன் முன்பே தெரியவில்லை? இப்படிப்பட்ட பிழை பத்து நிமிடச் சோதனையில் அகப்படாது. பென்டிரைவில் போட்டு, திரை வருகிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்து, 'எல்லாம் சரி' என்று குறிப்பு எழுதிவிட்டுப் போகிறவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். காலையில் திறந்து இரவுவரை மூடாமல் வேலை செய்கிற ஆளுக்குத்தான் தெரியும். கசிவைக் காட்டிக்கொடுத்தது நாள் முழுக்கப் பயன்படுத்திய பழக்கம்தான்.

காரணமும் அகப்பட்டது. எக்ஸ் சர்வரின் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, அதில் புதிய பதிப்பிலிருந்து ஒரு வசதியை மட்டும் எடுத்து ஒட்டியிருந்தார்கள். முப்பரிமாண வரைகலை தொடர்பான ஒட்டு அது. ஒட்டு போட்ட இடத்தில்தான் கசிவு. இப்போது என்ன செய்வது? ஒட்டைத் திருத்தலாம், அல்லது பிய்த்து எறியலாம். திருத்தினால் வசதி மிஞ்சும், ஆனால் அந்தத் திருத்தமே இன்னொரு பிழையைக் கொண்டுவராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எறிந்தால் வசதி போகும், கசிவும் போகும்.

உபுண்டுவில் அப்போது வரைகலைப் பொதிகளைக் கவனித்துவந்தவர் பிரைஸ் ஹாரிங்டன். மாற்று வழிகளைச் சோதனைப் பொதிகளாகக் கட்டிப் பயனர்களிடமே கொடுத்து, ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். கடைசியில் ஒட்டுகளை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. 29-ஆம் தேதி உபுண்டு 10.04 கசிவு இல்லாமல் வெளியானது. அன்று அதைப் பதிவிறக்கம் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படியொன்று நடந்ததே தெரிந்திருக்காது. வெளியீட்டுக்கு முந்திய வேலை நன்றாக நடந்தால் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. இந்த வேலைக்கு ஆள் சேராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயிரம் மாற்றங்களில் ஒன்று

ஒட்டு எது என்று தெரிந்தால் சரி. தெரியாவிட்டால்? லினக்ஸ் கெர்னல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். முந்திய பதிப்பில் திரை வந்தது, இந்தப் பதிப்பில் வரவில்லை என்றால், அந்தப் பத்தாயிரத்தில் எந்த மாற்றம் கெடுத்தது?

தோட்டத்து லயத்தில் வரிசையாக வீடுகள். ஒரே குழாய் எல்லா வீட்டுக்கும் போகிறது. முதல் வீட்டில் தண்ணீர் வருகிறது, கடைசி வீட்டில் வரவில்லை. ஒவ்வொரு வீடாகக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டுமா? நடு வீட்டில் பார்த்தால் போதும். அங்கே தண்ணீர் வந்தால் அடைப்பு அதற்கு அப்பால்; வராவிட்டால் அதற்கு இப்பால். மிச்சமுள்ள பாதியில் மறுபடியும் நடு வீடு. இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால், பதினாறாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் 14 முறை பார்த்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. 'பைசெக்ட்' என்பார்கள், இரண்டாக வெட்டுவது.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் கெர்னலைப் புதிதாகக் கட்டி, கணினியை அணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினியில் ஒரு முறை கட்டவே மணிக்கணக்கில் ஆகும். ஒரு வார இறுதி முழுக்கப் போய்விடும். பிழை எப்போதாவது மட்டும் வருகிற ரகமாக இருந்தால் பாடு இன்னும் அதிகம். 'வரவில்லை' என்று தவறாக ஒரு முறை பதில் சொல்லிவிட்டால், மிச்சமெல்லாம் தப்பான பாதியிலேயே தேடுவதாகிவிடும்.

இதைச் செய்யக்கூடியவர் யார் என்று யோசியுங்கள். டிரைவரை எழுதிய பொறியாளரால் பல சமயம் முடியாது, அவரிடம் அந்தக் கணினி இல்லை. ஆகவே திரை கறுத்த கணினியின் சொந்தக்காரர்தான் செய்ய வேண்டும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. சொன்னபடி செய்து, வந்ததா வரவில்லையா என்று உண்மையைச் சொன்னால் போதும்.

இண்டெல் போன்ற நிறுவனங்கள் இன்று ஒவ்வொரு மாற்றத்தையும் தானியங்கிக் கணினிகளின் வரிசையில் ஓட்டிப் பார்க்கின்றன. அதனால் நிறையப் பிழைகள் பிறக்கும் இடத்திலேயே பிடிபடுகின்றன. ஆனால் எவ்வளவு நீண்ட வரிசையிலும் எல்லா மாடலும் இருக்காது. 2022 செப்டம்பர் இறுதியில் வந்த கெர்னல் 5.19.12 அதற்குச் சாட்சி. நிலையான பதிப்பு என்ற பெயரோடு வந்ததுதான். இண்டெல் வரைகலை கொண்ட சில மடிக்கணினிகளில் திரை வெள்ளை வெள்ளையாக மின்னத் தொடங்கியது. பதிவுகளைப் பார்த்த இண்டெல் பொறியாளர் வில்லே சிர்யாலா, திரைக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் இடைவெளிக் கணக்கு தப்பாகியிருப்பதாகவும், அது எல்சிடி திரையையே கெடுத்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார். சில நாட்களிலேயே 5.19.13 வந்து அதைத் திரும்பப் பெற்றது. மென்பொருள் பிழைதானே, அணைத்துத் திறந்தால் போய்விடும் என்கிற சமாதானம் அங்கே செல்லவில்லை.

மூன்று நாள் சோதனை

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் குடும்பம், 2009 வாக்கில் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கியது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் வரைகலைக்கென்றே சோதனை நாட்கள். என்விடியாவுக்கு ஒரு நாள், ஏஎம்டியின் ரேடியானுக்கு ஒரு நாள், இண்டெலுக்கு ஒரு நாள். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். திரை சரியான அளவில் வருகிறதா, இரண்டாவது திரையைச் செருகினால் தெரிகிறதா, மூடி வைத்துத் திறந்தால் விழிக்கிறதா, படம் ஓடுகிறதா என்று பட்டியல்படி பார்த்து, வந்ததை வந்தபடி குறித்தால் போதும். அந்த நாளில் டிரைவர் எழுதுகிறவர்களும் உடன் இருப்பார்கள்.

அதன் பிறகு பஞ்சாயத்து நடக்கும். எந்தப் பிழை வெளியீட்டையே நிறுத்தி வைக்கும் அளவுக்குப் பெரியது, எதைக் குறிப்பில் எழுதிவிட்டுப் போகலாம் என்று பொதுவில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். வரைகலைப் பிழைக்கு இங்கே ஒரு அநியாயம் காத்திருக்கிறது. நிறுவும் நிரலில் பிழை என்றால் எல்லோருக்கும் பிழை. தள்ளிவைக்கத் தயங்க மாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட மாடலில் மட்டும் திரை கறுக்கிறது என்றால், 'எத்தனை பேரிடம் அந்த மாடல் இருக்கிறது?' என்ற கேள்வி வரும். இரண்டே பேர் புகார் செய்திருந்தால் இரண்டு பேருடைய பிரச்சினையாகத்தான் தெரியும். இரண்டாயிரம் பேர் பேசாமல் மூடி வைத்திருந்தாலும் கணக்கில் வராது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பாஸ், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அப்படிப்பட்ட திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் ஒரு சில மாடல்களே இருக்கும். அதில் ஒரு மாடலுக்கு டிரைவர் மக்கர் செய்தால் திருநெல்வேலியில் ஒரு வகுப்பே திரையைப் பார்க்காது. சரி செய்தாலும், கெர்னலில் சேர்ந்து, டெபியனுக்கு வந்து, பாஸுக்கு இறங்கி, பிறகுதான் மாணவரின் மடிக்கணினிக்குச் சேரும். நம் நாட்டிலும் 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மம்பு முன்வைத்தது. ஆனால் எந்த அரசாங்கத் திட்டமும் வீட்டு அலமாரியில் கிடக்கும் மடிக்கணினியை வந்து சோதிக்காது.

எப்படிச் சொல்வது?

இனி விஷயத்துக்கு வரலாம். திரை கறுத்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் கணினி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்தால் கணினி ஓடுகிறது, திரை மட்டும்தான் வரவில்லை. எரியாவிட்டால் எல்லாமே உறைந்துவிட்டது. இந்த ஒரு தகவலே டிரைவர் எழுதுகிறவருக்குப் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

தொடக்கப் பட்டியலில் 'பாதுகாப்பான வரைகலை' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். சில பதிப்புகளில் 'நோமோட்செட்' என்ற சொல்லை நாமே சேர்க்க வேண்டியிருக்கும். அதில் திரை வந்தால் குற்றம் டிரைவரிடம்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பலர் அந்தச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிட்டு, மந்தமான திரையோடு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள்.

திரையில் கோடுகளோ கட்டங்களோ தெரிந்தால், கணினியிலேயே திரைப்பிடிப்பு ஒன்று எடுங்கள், கைப்பேசியிலும் படம் எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திரைப்பிடிப்பிலும் கோடு இருந்தால் வரையும்போதே கெட்டிருக்கிறது. திரைப்பிடிப்பு சுத்தமாக இருந்து கைப்பேசிப் படத்தில் மட்டும் கோடு தெரிந்தால், வரைந்தது சரி, திரைக்கு அனுப்பும் வழியில்தான் கோளாறு. தமிழ் எழுத்துகளில் கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து நிற்கிறது என்று சிலர் டிரைவரைத் திட்டுவதுண்டு. அது டிரைவர் செய்த பாவமன்று. எழுத்துருவையும் எழுத்துக் கோப்பையும் கவனிக்கும் வேறு நிரலின் வேலை. அந்தப் புகாரை அங்கே அனுப்ப வேண்டும்.

புகாரில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். கணினியின் சரியான மாடல், வரைகலைச் சில்லின் பெயர், கெர்னல் பதிப்பு, கடைசியாக எந்தப் பதிப்பில் நன்றாக ஓடியது, என்ன செய்தால் கெடுகிறது, எப்போதுமா எப்போதாவதா. இவற்றோடு கெர்னல் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். 'கடைசியாக நன்றாக ஓடிய பதிப்பு இது' என்ற ஒரு வரிக்கு, அழகான ஆங்கிலத்தில் எழுதிய மூன்று பக்கப் புலம்பலைவிட மதிப்பு அதிகம்.

இன்னொன்று. ஏற்கனவே யாரோ எழுதிய புகாரின் கீழே போய், 'எனக்கும் இப்படித்தான்' என்று எழுதாதீர்கள். உபுண்டுவின் வரைகலைக் குழு ஆண்டுக்கணக்கில் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட விஷயம் இது. மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால், ஒருவருக்கு டிங்கி, ஒருவருக்குச் சளிக்காய்ச்சல், ஒருவருக்கு வேறு என்னவோ. ஒரே சீட்டில் மூன்று பேருக்கும் மருந்து எழுத முடியாது. கறுப்புத் திரையும் காய்ச்சல் மாதிரிதான். வெளியே ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே சில்லுக்குச் சில்லு வேறு. ஒரு புகாரில் ஐம்பது பேர் கலந்துவிட்டால், அதில் ஒருவருக்குச் சரியானதும் 'தீர்ந்தது' என்று மூடிவிடுவார்கள். மிச்சம் நாற்பத்தொன்பது பேர் மறுபடி முதலிலிருந்து. ஆகவே தனிப் புகார் எழுதுங்கள். ஒன்றுதான் என்று தெரிந்தால் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

நேரமும் முக்கியம். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் கெர்னலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவசரத் திருத்தம் தவிர வேறு எதுவும் உள்ளே போகாது. ஏப்ரல் வெளியீட்டுக்கு ஏப்ரலில் புகார் செய்தால், பதில் பெரும்பாலும் அடுத்த வெளியீட்டில்தான். பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்பு வந்த நாளிலேயே பென்டிரைவில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இதற்காகப் பிள்ளையின் பாடக் கோப்புகள் உள்ள கணினியில் முன்னோட்டப் பதிப்பை நிறுவிவிடாதீர்கள். ஓட்டிப் பார்த்தால் போதும்.

பழைய கணினிகளுக்கு இப்போது இது இன்னும் அவசரம். மேசா என்ற வரைகலை நிரல் தொகுப்பு, தன் பழைய டிரைவர்களை முதன்மைக் கிளையிலிருந்து கழித்துத் தனிக் கிளையில் வைத்துவிட்டது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, அதுவரை மாற்று வழியாக இருந்த பழைய எக்ஸ் அமர்வையும் தன் வழக்கமான மேசைத்தளத்திலிருந்து எடுத்துவிட்டது. யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைப்பதைத்தான் கழிக்கிறார்கள். பயன்படுத்துகிறவர் குரல் கொடுக்காதவரை அப்படித்தான் நினைப்பார்கள்.

கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்காவில் என்விடியா சில்லுகளைக் கொண்ட செயற்கை நுண்ணறிவு மையம் அமையும் என்று 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அத்தகைய மையங்களில் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையில் என்விடியாவைக் கடுமையாகத் திட்டியது பலருக்கு நினைவிருக்கும். பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதத்தில், அதே நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அங்கே ஒரு பிழை வந்தால் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. மசாயில் உள்ள மடிக்கணினிக்கு அப்படி ஆள் கிடையாது.

ஆனாலும் வழி இருக்கிறது. ஏசர் ஆஸ்பயர் 5734இசட் என்று ஒரு மலிவு மடிக்கணினி வந்தது. அதில் ஒரு விசித்திரம். திரை வெளிச்சத்தின் கணக்கு அதில் தலைகீழ். முழு வெளிச்சம் வேண்டும் என்று டிரைவர் கட்டளையிட்டால் திரை அணைந்துபோகும். லினக்ஸ் போட்டவர்களுக்குக் கறுப்புத் திரைதான். கணினி நன்றாக ஓடியது, டிரைவரும் தன் கணக்குப்படி சரியாகத்தான் நடந்துகொண்டது. அந்த மாடலை வைத்திருந்தவர்கள் சொல்லாதவரை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. சொன்னார்கள். கெர்னலில் இண்டெல் டிரைவருக்கென்று விதிவிலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. அந்த மாடலின் பெயரைக் குறித்து, 'இதற்கு மட்டும் வெளிச்சத்தைத் திருப்பிப் போடு' என்று அதில் ஒரு பதிவு சேர்ந்தது. அடுத்தடுத்த பட்டியல் வரிகளில் வேறு சில மாடல்களின் பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசித்திரம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கிருந்தோ வந்த ஒரு புகார்.